கல்லாற்று நீரும் பவளத் தொட்டியும்

நுழையும்முன்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நன்னீர் மீன் வளர்ப்பதைப் பலரும் அறிவர். கடல்நீரை நிரப்பி அதில் பவள உயிரிகளை வாழவைப்பது அதனினும் அரிய செயல். அத்தொட்டியின் நீரைக் காக்கும் கருவி ஒன்றையும், அக்கருவியின் நீர் கெடாமல் பேணும் முறைகளையும் இப்பாடம் விளக்குகிறது. வகுப்பறையில் நாம் செய்து பார்க்கும் சுண்ணாம்பு நீர்ச் சோதனையே இதற்கு அடிப்படை என்பதை அறியும்போது வியப்படைவீர்கள்.

பொன்முடியின் நீர்

திருவனந்தபுரத்தின் வடகிழக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் நிற்கிறது பொன்முடி. பொன் என்பதும் முடி என்பதும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறுவோர், அடிவாரத்தில் கல்லாற்றைக் காண்பர். உருண்டைக் கற்களின்மேல் பளிங்குபோல் ஓடும் அந்த ஆறு, வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதியாகச் சென்று இறுதியில் அரபிக்கடலைச் சேர்கிறது.

இவ்வாற்று நீர் மென்னீர் ஆகும். சோப்பு அதில் எளிதில் நுரைக்கும். கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெண்மையான படிவு பெரும்பாலும் தங்காது. காரணம் மலையின் பாறையில் உள்ளது. பொன்முடியைச் சூழ்ந்த பாறைகள் கோண்டலைட்டு, சார்னோக்கைட்டு என்னும் கடினமான உருமாறிய பாறைகள். அவை மழைநீரில் எளிதில் கரைவதில்லை. மழையோ மிகுதி. ஆகவே நீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவாகவே சேர்கிறது.

இவற்றுள் சார்னோக்கைட்டு என்னும் பெயர் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. சென்னைப் பரங்கிமலையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இவ்வகைக் கல்லே கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கு என்பவரின் கல்லறையில் இடம்பெற்றது. அதனால் அப்பாறைக்கு அவர் பெயரே நிலைத்தது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்த பாய்மம் ஊடுருவியதால் பொன்முடியின் பாறையில் ஒரு பகுதி சார்னோக்கைட்டாக மாறியது என்பது புவியியலாளர் பலரின் கருத்து. இம்மாற்றத்தை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1985ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. கல்லையே மாற்றவல்ல அந்த வாயு, நாம் பேசப்போகும் சிறு கருவியிலும் முதன்மையான பணியைச் செய்கிறது.

பவளம் என்னும் உயிர்

பவளம் என்றவுடன் அணிகலனில் பதிக்கும் செம்மணி நினைவுக்கு வரும். அது ஆழ்கடலில் வாழும் ஒருவகைப் பவளத்திலிருந்து கிடைப்பது. பவளப்பாறைகளைக் கட்டும் உயிரிகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றின் கூட்டை நம் முன்னோர் ‘முருகைக்கல்’ என்றும் அழைத்தனர்.

பவள உயிரி மிகச் சிறியது, மென்மையான உடலுடையது. தன்னைச் சுற்றிக் கால்சியம் கார்பனேட்டால் ஒரு கிண்ணம் அமைத்துக்கொண்டு அதற்குள் வாழ்கிறது. அதன் திசுக்களில் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியின் உதவியால் உணவு ஆக்கி அதற்கும் பங்கு கொடுக்கின்றன. ஆயிரமாயிரம் உயிரிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கிண்ணங்களே பவளப்பாறைகளாக உயர்கின்றன. கேரளத்துக்கு மேற்கே உள்ள இலட்சத்தீவுகள் இவ்வாறு எழுந்தவையே.

இக்கட்டுமானத்துக்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று கால்சியம். மற்றொன்று பைகார்பனேட்டு, கார்பனேட்டு ஆகியவற்றால் நீருக்கு அமையும் காரத்தன்மை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 410 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கடல் பெரிது, எடுக்க எடுக்கக் குறையாதது போன்றது. ஆனால் 200 லிட்டர் தொட்டியில் வாழும் பவளங்கள் எடுத்துக்கொள்ளும் சத்து ஓரிரு நாளிலேயே கணக்கில் தெரியும். குறைந்ததை ஈடுசெய்யாவிட்டால் பவளத்தின் வளர்ச்சி நின்றுவிடும். நாளடைவில் அது மடியும்.

சுண்ணாம்பு நீரின் பாடம்

இழந்த சத்தை எவ்வாறு மீட்பது? விடை நமக்குத் தெரிந்த சோதனையில் உள்ளது. தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு குவளையில் எடுத்து, உறிஞ்சுகுழலால் அதில் மெல்ல ஊதினால் நீர் பால்போல் வெண்மையாகும். நம் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டை உண்டாக்குகிறது. பெரும்பாலோர் சோதனையை இந்த நிலையில் நிறுத்திவிடுவர்.

நிறுத்தாமல் நெடுநேரம் வாயுவைச் செலுத்தினால், வெண்மை மறைந்து நீர் மீண்டும் தெளியும். மிகுதியான கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அவ்வமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. கல், கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள் ஒளிந்துகொள்கிறது எனலாம். அந்நீரைக் கொதிக்கவைத்தால் வாயு வெளியேறி வெண்மை மீண்டும் தோன்றும்.

இச்சோதனையை ஆசிரியர் முன்னிலையிலேயே செய்தல் வேண்டும். சுண்ணாம்பு நீரை ஒருபோதும் உறிஞ்சக் கூடாது.

வினைகலன் இயங்கும் முறை

தெளிந்த நிலையிலுள்ள அந்த நீரை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தொட்டிக்கு வழங்கும் கருவியே ‘கால்சியம் ரியாக்டர்’. இதனைத் தமிழில் கால்சிய வினைகலன் எனலாம். ஒரு மூடிய உருளையில் கால்சியம் கார்பனேட்டுத் துண்டுகள் நிரப்பப்பட்டிருக்கும். அரகோனைட்டு என்னும் வகை இதற்கு ஏற்றது. அது கால்சைட்டு வகையைவிட எளிதில் கரையும். உருளைக்குள் தொட்டி நீர் மெல்ல நுழையும். உருளையோடு இணைந்த ஒரு சிறு பம்பு, அந்நீரைத் துண்டுகளினூடே மீண்டும் மீண்டும் சுழலச் செய்யும். ஒரு சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக உள்ளே செல்லும்.

தொட்டி நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 8.2. வினைகலனுக்குள் அது 6.5 வரை தாழ்கிறது. 1.7 தானே வேறுபாடு என்று எண்ணிவிடக் கூடாது. பி.எச். அளவில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு பெருகும். ஆகவே உருளைக்குள் இருக்கும் நீர், வெளியிலுள்ள நீரைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு அமிலத்தன்மை உடையது. அந்த அமிலத்தில் துண்டுகள் கரைகின்றன. கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்த நீர் ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியை அடைகிறது. பவளம் எந்தப் பொருளால் கூடு கட்டுமோ அதே பொருளைக் கரைத்துத் தருவதால், இரு சத்துகளும் பவளம் எடுத்துக்கொள்ளும் விகிதத்திலேயே கிடைக்கின்றன. இதுவே இக்கருவியின் சிறப்பு.

நீர் கெடும் வழிகளும் திருத்தும் முறைகளும்

கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து வரும் நீர் ஐந்து வழிகளில் தொட்டிக்குத் தீங்கு செய்யக்கூடும்.

முதலாவது, ஊற்றும் நீர். தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆகவே நாள்தோறும் நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். திருவனந்தபுரம் நகரின் குடிநீர் பெரும்பாலும் பேப்பாறை, அருவிக்கரை அணைகள் அமைந்த கரமனையாற்றிலிருந்து வருவது. அந்த ஆறும் மலையில் பிறந்ததே. அது மென்னீர்தானே, அப்படியே ஊற்றலாமே என்று தோன்றும். ஆனால் குழாய் நீரில் கிருமிநீக்கத்துக்கான குளோரின் இருக்கும். பழைய செப்புக் குழாயிலிருந்து செம்பு கலக்கக்கூடும். முதுகெலும்பற்ற கடல் உயிரிகளுக்குச் செம்பு நஞ்சு. ஓடையிலிருந்து நேரே எடுத்த நீரிலோ இலைச்சாறும், தோட்டங்களில் இட்ட உரத்தின் எச்சமும் இருக்கலாம். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீர் தூய நீர் ஆகிவிடாது. ஆகவே ஆர்.ஓ. முறையில் தூய்மையாக்கிய நீரையே பயன்படுத்துதல் வேண்டும்.

இரண்டாவது, உருளையில் நிரப்பும் துண்டுகள். அவற்றில் பாஸ்பேட்டு இருந்தால், கல் கரையும்போது அதுவும் வெளிப்பட்டுத் தொட்டியில் வேண்டாத பாசியை வளர்க்கும். பவளத்தின் கூடு வளர்வதையும் தடுக்கும். பாஸ்பேட்டுக் குறைந்த துண்டுகளைத் தேர்ந்து, தூய நீரில் தூசு போகும்வரை அலசி நிரப்ப வேண்டும். துண்டுகள் மிகச் சிறியனவாக இருந்தால் நீரோட்டம் அடைபடும். பி.எச். அளவை 6.5-க்கும் மிகக் கீழே தாழ்த்தினால் அவை குழைந்து சேறாகிவிடும். பாதியளவு கரைந்தபின் புதியவற்றைச் சேர்ப்பது நல்லது.

மூன்றாவது, எஞ்சிய வாயு. உருளையிலிருந்து வெளிவரும் நீரில் பயன்படாத கார்பன் டை ஆக்சைடு இருக்கும். அது தொட்டியில் கலந்தால் தொட்டியின் பி.எச். அளவும் இறங்கும். இதைத் தடுக்க இரண்டாம் உருளை ஒன்றை இணைப்பர். அதில் துண்டுகள் மட்டுமே இருக்கும், வாயு செலுத்தப்படாது. முதல் உருளையில் எஞ்சிய அமிலம் இங்குள்ள துண்டுகளைக் கரைத்துத் தானும் தீர்ந்துவிடும். வெளிவரும் நீரைக் காற்றோட்டமுள்ள இடத்தில் சொட்டவிடுதலும், அறையின் சன்னல்களைத் திறந்துவைத்தலும் துணை செய்யும். இரவில் ஒளி இல்லாமையால் பாசிகள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதில்லை. எனவே விடியற்காலையில் பி.எச். அளவு மிகவும் தாழ்ந்திருக்கும். அந்நேரத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாகச் சேர்த்து அதனை உயர்த்துவோரும் உண்டு.

நான்காவது, ஓட்டத்தின் மாற்றம். சொட்டும் குழாயின் வாயில் வெள்ளைப் படிவு சேர்ந்து நீர் குறையலாம். பம்பு நிற்கலாம். மின்சாரம் போகலாம். நீர் சுழலாதபோதும் வாயு தொடர்ந்து நுழைந்தால் உருளையின் நீர் கடும் அமிலமாகும். மின்சாரம் நின்றவுடன் தானாக மூடிக்கொள்ளும் வால்வைச் சிலிண்டரில் பொருத்துவதே பாதுகாப்பு. சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடு கசிந்தால் மனிதர்க்கே ஆபத்து.

ஐந்தாவது, மக்னீசியக் குறைவு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் மக்னீசியம் உண்டு. அது குறைந்தால் கால்சியம் கார்பனேட்டு பவளத்தைச் சென்றடையாமல் பம்பிலும் கண்ணாடியிலும் படியத் தொடங்கும். மக்னீசியம் கலந்த டோலமைட்டுத் துண்டுகள் சிலவற்றை உருளையில் சேர்ப்பது இதற்குரிய தீர்வாகும்.

ஒரு கணக்கு

நீரின் காரத்தன்மையை டி.கே.எச். என்னும் அலகால் அளப்பர். கடல்நீரில் அது ஏறத்தாழ 7 அலகு. தொட்டியில் 7 முதல் 11 வரை இருப்பது நலம்.

நம் தொட்டி 200 லிட்டர் கொள்ளளவு உடையது; அதன் காரத்தன்மை 8 அலகு எனக் கொள்வோம். வினைகலனை நிறுத்திவைத்து, ஒரு நாள் கழித்து அளந்தால் 7 அலகு உள்ளது. அதாவது பவளங்கள் நாளொன்றுக்கு 1 அலகு எடுத்துக்கொள்கின்றன. ஓர் அலகு என்பது லிட்டருக்கு 17.86 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அதை 200 ஆல் பெருக்கினால் 3,572 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ மூன்றரை கிராம் வரும். ஒரு சிறு சிட்டிகைக் கல்லையே பவளங்கள் ஒரு நாளில் கட்டுகின்றன.

வினைகலனிலிருந்து வரும் நீரின் காரத்தன்மை 30 அலகு என்க. தொட்டியின் 8 அலகைக் கழித்தால், ஒவ்வொரு லிட்டரும் 22 அலகு கொண்டுவருகிறது. நமக்குத் தேவை 200 லிட்டருக்கு 1 அலகு. ஆகவே 200-ஐ 22 ஆல் வகுக்க, நாளொன்றுக்கு ஏறத்தாழ 9.1 லிட்டர் சொட்ட வேண்டும். ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். எனவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 6.3 மில்லிலிட்டர்.

கணக்கு போட்டபின் வால்வைத் திருகி, நிமிடத்துக்கு எவ்வளவு சொட்டுகிறது என்று அளவுக்குவளையால் அளந்து பார்க்க வேண்டும். பிறகு நாள்தோறும் ஒரே நேரத்தில் காரத்தன்மையைச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வாயுவையும் நீரோட்டத்தையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. ஒன்றை மாற்றி, ஓரிரு நாள் பொறுத்து விளைவைக் கண்டபின்னரே மற்றொன்றைத் தொட வேண்டும். பவளத்துக்குச் சற்றுக் குறைந்த அளவைவிட, ஏறி இறங்கும் அளவே அதிகத் தீங்கு செய்யும்.

சட்டமும் கடலும்

இவ்வளவும் அறிந்தபின், நாமும் கடலில் ஒரு பவளத்தைப் பெயர்த்து வந்து வளர்க்கலாமே என்னும் எண்ணம் எழலாம். அது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில், பாறை கட்டும் பவளங்கள் 2001ஆம் ஆண்டு முதல் அட்டவணை ஒன்றில் இடம்பெற்றுள்ளன. புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. கடற்கரையில் விற்கும் பவளத் துண்டை வாங்குவதும் தவறே. வினைகலனில் இடும் கல்லையும் கடற்பாறையை உடைத்துப் பெறக் கூடாது.

இச்சட்டம் ஏன் வந்தது? மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் அமைந்த அப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள், சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அங்கே முருகைக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. அலையைத் தடுத்த பாறை மறைந்தபின் தீவுகளின் கரை கரைந்தது. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. நாளுக்கு ஒரு சிட்டிகையாகப் பல உயிர்கள் கட்டியதை மனிதர் வண்டி வண்டியாக அள்ளியதன் விளைவு அது.

இன்று பவளத்துக்கு வேறோர் ஆபத்தும் வந்துள்ளது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐக் கடந்துவிட்டது. அதில் ஒரு பகுதியைக் கடல் உட்கொள்கிறது. கடல் மேற்பரப்பின் பி.எச். அளவு 8.2-இலிருந்து 8.1-ஆக இறங்கியுள்ளது. வினைகலனுக்குள் நாம் வேண்டுமென்றே செய்யும் செயலை, கடல் முழுவதிலும் நாம் அறியாமலே செய்துவருகிறோம். வினைகலனில் வாயு மிகுந்தால் வால்வை மூடலாம். இரண்டாம் உருளையை இணைக்கலாம். கடலுக்கு இரண்டாம் உருளை இல்லை.

ஒரு கண்ணாடித் தொட்டியைப் பேணக் கற்றவர், கடல் எத்துணைப் பெரிய பணியை ஓசையின்றிச் செய்துவருகிறது என்பதை உணர்வார். பொன்முடியில் பெய்யும் மழை கல்லாற்றில் இறங்கிக் கடலை அடைகிறது. வழியில் நாம் சேர்ப்பவை யாவும் அதனோடு செல்கின்றன. நீரைத் தூயதாக விடுவது, கண்காணா ஓர் உயிர் தன் வீட்டைக் கட்ட நாம் செய்யும் உதவியாகும்.

சொல்லும் பொருளும்

மென்னீர் – உப்புகள் குறைவாகக் கரைந்த, எளிதில் நுரைக்கும் நீர்
முருகைக்கல் – பவள உயிரிகளின் கூட்டால் ஆன கல்
பாய்மம் – ஓடக்கூடிய நீர்மமும் வாயுவும்
வினைகலன் – வேதிவினை நிகழும் கலம்
காரத்தன்மை – அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் ஆற்றல்
எச்சம் – மிஞ்சி நிற்பது

பயிற்சி

1. பொன்முடிப் பகுதியின் ஆற்று நீர் மென்னீராக இருப்பதன் காரணம் யாது?
2. சுண்ணாம்பு நீரில் தொடர்ந்து வாயுவைச் செலுத்தும்போது நிகழும் இரு மாற்றங்களை வரிசையாக எழுதுக.
3. வினைகலனில் இரண்டாம் உருளையை இணைப்பது ஏன்?
4. ஒரு தொட்டியின் கொள்ளளவு 300 லிட்டர். காரத்தன்மை 8 அலகு. நாளொன்றுக்கு 1 அலகு குறைகிறது. வினைகலனிலிருந்து வரும் நீர் 28 அலகு எனில், நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் சொட்ட வேண்டும்?
5. “கடலுக்கு இரண்டாம் உருளை இல்லை” – இத்தொடரின் பொருளை ஐந்து வரிகளில் விளக்குக.
6. சுண்ணாம்பு, பவளம், ஆறு ஆகிய சொற்களுக்கு நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் வழங்கும் சொற்களைக் கேட்டறிந்து எழுதுக. அவற்றுள் தமிழோடு ஒத்திருப்பவை எவை?
7. உங்கள் வீட்டுக்கு வரும் குடிநீர் எந்த ஆற்றிலோ ஏரியிலோ தொடங்குகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுக.